ஒன்பதாவது கேள்வி

2024 ஜனவரி 9, செவ்வாய்

கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு முதல் நாள் வேலை. 'திலகா, ஆய்வு உதவியாளர்.' பதினோரு வருஷம் எஸ்டேட் கொட்டகையில் தேயிலைக் கொழுந்து எடை போட்டேன். ஒரு நாளும் கம்பெனி என் பேரை அட்டையில் அடித்ததில்லை. தராசு கம்ப்யூட்டரில் ஓட ஆரம்பித்ததும் 'நன்றி, போய் வா' என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது கியா பார்ம் சந்தையில் ஒரு ஸ்ட்ராபெரி கடையில் நிற்கிறேன். இந்த அட்டை வேலை சனிக்கிழமைகளில் மட்டும், அப்புறம் வீடு வீடாகப் போகிற நாட்களில்.

ரூபினி கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். முப்பது வயது இருக்கும். படம் வரைவது ஒரு மனுஷிக்கு என்ன நல்லது செய்கிறது, அவள் இருக்கிற இடத்துக்கு என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்கப் போகிறாளாம். எங்கள் எஸ்டேட்டில் இருபத்தாறு பெண்களைச் சேர்த்திருக்கிறாள். சனிக்கிழமைதோறும் மண்டபத்தில் வரைய வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நான் வீட்டுக்குப் போய் ஒன்பது கேள்வி கேட்க வேண்டும். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, மனம் சோர்ந்து கிடக்கிறதா, இந்த மாதிரி. இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், சில நாள் ஒன்று, பாதி நாளுக்கு மேல் இரண்டு, தினமும் என்றால் மூன்று. கூட்டினால் அவள் மனதின் எடை. இது நான் வைத்த பேர். எடை குறைந்தால் நல்லது.

ஒன்பதாவது கேள்வி: செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா?

அதற்கு மட்டும் தனிச் சட்டம். பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் அன்றைக்கே ரூபினிக்குப் போன் அடிக்க வேண்டும். தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வருவதற்குப் பேசி வைத்திருக்கிறாள்.

"இதுல மட்டும் அசால்ட்டா இருக்கக் கூடாதுக்கா," என்றாள்.

நான் என்ன சின்னப் பிள்ளையா?

ஜனவரி 13, சனி

இருபத்தாறு வீடும் முடிந்தது. இருபத்தாறு பேரும் சொல்லிவைத்த மாதிரி "நல்லா இருக்கோம்." தாளெல்லாம் பூஜ்யம். முந்தாநாள் புருஷன் குடித்துவிட்டுக் கதவை உடைத்த வீட்டிலும் பூஜ்யம். சாய்ந்து கிடந்த கதவைக் கையில் பிடித்துக்கொண்டே "ஒரு கொறையும் இல்ல திலகா" என்கிறாள் மகராசி.

எனக்குத் தெரியாதா? தாளோடு ஒருத்தி வாசலில் நின்றால் அது ஆபீஸ் தாள். ஆபீஸ் தாளில் முடியவில்லை என்று ஏறினால் பேரை வெட்டுவார்கள். பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். என் அப்பா காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே "நல்லா இருக்கேன் தொரை" என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். அந்தப் பதில் எங்கள் வாயில் ஊறிப்போனது.

சீதா வீட்டில்தான் கொஞ்சம் சிரித்தேன். என்னோடு தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஃபேக்டரியில் பாக்கெட் போடுகிற வேலை. புருஷன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம்.

"எழுதிக்கடி, சீதா ரொம்ப ஹேப்பி லா. புருஷன் தொல்ல இல்ல, சட்டி பான கழுவ ஆள் இல்லாத சூசா ஒண்ணுதான் கஷ்டம்."

சாகும்போதும் இவள் நக்கல் அடித்துவிட்டுத்தான் சாவாள்.

கடைசியில் வடிவக்கா. வடிவம்மாள் எங்கள் வரிசையில் நாலாவது வீடு. ஐம்பத்தொன்பது வயது. முப்பத்தெட்டு வருஷமாகக் கொழுந்து எடுக்கிறாள். ஒரே மகன் அர்ஜுனன் ஃபேக்டரியில் இருந்தான். போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் வேலை முடிந்து மோட்டர் சைக்கிளில் வரும்போது மழையில் லாரிக்கு அடியில் போய்விட்டான். அவன் பேர் வேலையில் இருந்ததால்தான் அந்த வீடு அவள் வேலை முடிந்த பிறகும் நிலைக்கும் என்று இருந்தது. அக்டோபரில் அவளுக்கு அறுபது. அதோடு வேலை முடியும், வீடும் முடியும். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ஒன்பது கேள்விக்கும் "இல்ல" என்றாள். தலை நிமிரவே இல்லை.

தாளைப் பார்த்து ரூபினி அசந்துவிட்டாள். "எல்லாரும் இவ்வளவு சந்தோஷமாவா இருக்காங்க?"

"மலக்காத்து அப்படி," என்றேன்.

ஊர் மானத்தை வெளியாள் முன்னால் அவிழ்ப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

ஜனவரி 20, சனி

முதல் வகுப்பு. ஃபேக்டரியில் கழித்துப்போட்ட தேயிலைத் தூளை வெந்நீரில் ஊறவைத்துச் சாயம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தாள் ரூபினி. நல்ல பழுப்பு. மண்டபமே டீக்கடை மாதிரி மணத்தது. சீதா ஆபீஸில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி பக்கிரிசாமியை வயிறும் கண்ணாடியுமாக வரைந்து எல்லோரையும் சிரிக்க வைத்தாள். வடிவக்கா பென்சிலைத் தொடவில்லை. சுவரோடு ஒட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 3, சனி

'வீட்டில் ஒரு மூலையை வரையுங்கள்' என்றாள் ரூபினி. வடிவக்கா முதல்முதலாகப் பென்சிலை எடுத்தாள். கொழுந்து வெட்டுகிற கத்திரியைப் பிடிக்கிற மாதிரி முழுக்கையால் பிடித்தாள்.

வரைந்தது அடுப்பு மூலை. கேஸ் தோம்பு, அதன் தலையில் கரித்துணி, மேலே தட்டில் மூன்று டப்பா, நடு டப்பாவுக்கு மூடி இல்லை. கோடெல்லாம் கோணல்தான். ஆனால் போன மாதம் நான் அங்கே உட்கார்ந்திருந்தேனே, மூடி இல்லாத டப்பா நடுவில்தான் இருந்தது. ஒரு சாமான் இடம் மாறவில்லை.

பிப்ரவரி 24, சனி

தண்ணீர்க் குழாய்க்காக ஆறு வருஷம் பேசாத இரண்டு வீட்டுக்காரிகள் இன்று ஒரே கிண்ணத்தில் பிரஷ் முக்கினார்கள். ஒருத்தி, "நீ மொதல்ல எடு" என்றாள். ரூபினி இதை எந்தக் கட்டத்தில் எழுதுவாள்? தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

மார்ச் 2, சனி

வடிவக்கா இன்று ஐந்தாவது படம். துணிக்கயிறு கட்டின மூலை.

"அக்கா, வீட்டத் தவிர வேற ஒண்ணுமே கெடைக்கலையா?" என்றாள் சீதா.

வடிவக்கா பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னாள். "காலி பண்ணச் சொன்னா வீட்டத் தூக்கிட்டா போக முடியும்? தங்கச்சி வூட்ல எனக்கு ஒரு கட்டில் போடத்தான் எடம். இத மடிச்சு எடுத்துட்டுப் போலாம்ல."

சீதா எழுந்து போய் அவளுக்குப் பென்சில் சீவிக்கொடுத்தாள். ரூபினி எங்கெங்கோ படித்துவிட்டு வந்து தேடுகிற பதில் இதுதானே? இதைவிட என்ன வேண்டும் அவளுக்குப் பணம் கொடுக்கிற அந்த அறக்கட்டளைக்காரர்களுக்கு?

மார்ச் 17, ஞாயிறு

இரண்டாவது சுற்று. எனக்குத் தலை சுற்றுகிறது.

எல்லோரும் உண்மையைச் சொல்கிறார்கள்! கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்கும் போலிருக்கிறது. எட்டு சனிக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து வரைந்ததில் நான் ஆபீஸ் ஆள் இல்லை, திலகா என்று ஆகிவிட்டேன். கதவு உடைந்த வீட்டுக்காரி உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினாள். அவள் எடை பதினாறு. வடிவக்கா பதினொன்று. தூக்கமில்லை, பசியில்லை, தன்மேலேயே வெறுப்பு. ஒன்பதாவதுக்கு மட்டும் "அப்படி இல்ல" என்றாள். சீதா ஒருத்திதான் பழைய பூஜ்யம். "என்னைய ஏண்டி தோண்டுற?"

மார்ச் 23, சனி

ரூபினி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் கணக்குப்படி படம் வரைந்த பிறகு எங்கள் பெண்களின் மனம் அடியோடு கெட்டுப்போயிருக்கிறது.

அப்போதுதான் ஜனவரிப் பூஜ்யங்களின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஜனவரித் தாள்களை மறுபடி எடுத்துப் புரட்டினாள்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா."

"கேக்கலையே நீங்க."

கேட்டாள். நான்தான் மலைக்காற்று என்றேன்.

"நானும் விளக்கம் எழுதுறேன். ஆனா பணம் குடுக்கறவங்க மொதல் பக்கத்துல இருக்கற நம்பரத்தான் பாப்பாங்க. ஜூன் அறிக்கையிலயும் இப்படியே ஏறுச்சுன்னா நிறுத்திடுவாங்க."

"அப்ப என்ன பண்றது?"

"வந்தபடி எழுதறதுதான்," என்றாள். நல்ல பெண். நல்லவர்களோடு வேலை செய்வதும் ஒரு சூசாதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. வடிவக்கா வீட்டில் கோலம் இல்லை. பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மூடி வைத்தாள். குளியலறை மூலையை வரைந்துகொண்டிருந்தாள். இது பதினான்காவது.

மே 10, வெள்ளி

பக்கிரிசாமி கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் என்ன செய்வார், ஆபீஸ் கொடுத்ததை வாசலில் நின்று கொடுத்தார். அக்டோபர் கடைசிக்குள் வீட்டுச் சாவி. தீபாவளி வரைக்கும் இருந்துகொள்ளலாம் என்று மேனேஜர் பெரிய மனது பண்ணியிருக்கிறாராம்.

வடிவக்கா கடிதத்தை மூடி இல்லாத டப்பாவில் போட்டாள்.

மே 19, ஞாயிறு

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். யார் படிக்கப் போகிறார்கள், எழுதுகிறேன்.

நேற்றும் இன்றும் மூன்றாவது சுற்று. இந்தத் தாள்தான் ஜூன் அறிக்கைக்குப் போகிறது. முதல் வீட்டிலேயே எடை பதினைந்து. அடுத்த வீட்டில் பன்னிரண்டு. இதே பெண்கள்தான் சனிக்கிழமை காலையில் எனக்கு முன்னால் மண்டப வாசலில் நிற்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, வரையும்போது கண்ணாடி இருந்தால் தேவலை என்று தானா ராத்தா போய் வாங்கி வந்தவர்கள். இந்தத் தாள் போனால் மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் வடிவக்கா எங்கே போய் உட்காருவாள்? என் கண் பொய்யா, தாள் பொய்யா?

கொட்டகையில் மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் நிற்கும் என்று கூடைக்கு இரண்டு கிலோ கழிப்பது சட்டம். பிள்ளைத்தாய்ச்சி கூடைக்கு நான் ஒரு நாளும் கழித்ததில்லை. புருஷன் செத்த மாதம் வடிவக்கா கூடைக்கும் கழிக்கவில்லை. பென்சில் முனையில் செய்கிற தர்மம் அது. அதற்காகத்தான் இன்றைக்கும் லைனில் என்னைக் 'கிராணியம்மா' என்று பிரியமாகக் கூப்பிடுகிறார்கள்.

மூன்றை ஒன்றாக்கினேன். இரண்டைப் பூஜ்யமாக்கினேன். எல்லாம் பென்சில்தானே. பதினேழு பேருடையது.

கடைசியாக வடிவக்கா. எட்டு கேள்வி முடிந்து ஒன்பதாவதைக் கேட்டேன்.

"மூணு," என்றாள்.

காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். இல்லை, விழுந்தது.

"என்னக்கா சொல்றீங்க?"

"நீ கேட்ட, நான் சொன்னேன். எழுதிக்க புள்ள." மறுபடியும் அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

மூன்று என்று எழுதினால் நர்ஸ் வேன் வரும். லைன் முழுக்கப் பார்க்கும். புத்தி சரியில்லை என்று பேர் கட்டிவிட்டால் அக்டோபர் வரைக்கும்கூட விடுவார்களா? ரூபினி அறிக்கையில் முதல் பக்கத்தில் அந்த மூன்று நிற்கும். இரண்டில் எந்தக் காரணம் முதலில் வந்தது என்று என்னையே கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பூஜ்யம் போட்டேன். நாளைக்கு வேலை முடிந்து வந்து அவளோடு உட்கார்ந்து பேசுகிறேன். எண்ணை எழுதிவிட்டுப் போவதைவிட அது நல்லதில்லையா?

மே 20, திங்கள்

கடையில் பள்ளி விடுமுறைக் கூட்டம் இப்போதே ஆரம்பம். நின்று நின்று கால் வீங்கிவிட்டது. போகவில்லை.

மே 26, ஞாயிறு

போனேன். சீதா இருந்தாள், அவள் எதிரில் எப்படிக் கேட்பது? காப்பி குடித்துவிட்டு வந்தேன். வடிவக்கா நன்றாகத்தான் பேசினாள். முகம்கூடத் தெளிவாக இருந்தது.

ஜூன் 8, சனி

வடிவக்கா இருபத்து மூன்றாவது படத்தை முடித்தாள். இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்த மூலை. அர்ஜுனன் கட்டில், சுவரில் கொக்கி, கொக்கியில் அவன் ஹெல்மெட். கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி சிலிப்பர், ஒன்று கவிழ்ந்திருக்கிறது. கவிழ்ந்ததை அவள் நிமிர்த்தவே இல்லை போலிருக்கிறது, இந்த ஒன்றரை வருஷமாக.

"முடிஞ்சிருச்சு," என்றாள்.

எல்லோரும் கை தட்டினோம். நான்தான் முதலில் தட்டினேன். ரூபினி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வடிவக்கா சிரித்தாள். படங்களை எல்லாம் வரிசையாக அடுக்கி ரூபினி கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்கம்மா, மழைல நனஞ்சிரப் போவுது" என்றாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம், என் வீட்டுக்காரரிடம், பெருமையாகச் சொன்னேன், பாருங்க, படம் ஒரு மனுஷியை எப்படி மாற்றிவிட்டது என்று.

ஜூன் 17, திங்கள்

வடிவக்கா போய்விட்டாள். நேற்று.

எப்படி என்று எழுத மாட்டேன்.

ஜூன் 19, புதன்

கொள்ளி வைக்க மகன் இல்லை. இவர்தான் வைத்தார். இவர், திருச்செல்வம், யார் அவளுக்கு, அதே வரிசையில் குடியிருக்கிற ஆள். ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டுத் தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் எனக்கு அந்த மனுஷன் மேல் இவ்வளவு மரியாதை வந்ததில்லை. அவர் பக்கத்தில் நிற்கக் கூசியது.

ரூபினி கோலாலம்பூரிலிருந்து விடியற்காலையே புறப்பட்டு வந்துவிட்டாள். என் தோளில் சாய்ந்து அழுதாள். "ஒம்பதாவதுக்குப் பூஜ்யம்தானேக்கா சொன்னாங்க? மொத்தமே மூணுதானே? நமக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க, எப்படித் தெரியும்?"

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வாய் திறக்கவில்லை. பாவி, வாய் திறக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

மூணு. எழுதிக்க புள்ள. மூணு.

ஜூன் 30, ஞாயிறு

ஒன்றை மட்டும் விட முடியவில்லை. அந்தப் படங்கள் அவளைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தனவா? இருபத்து மூன்று மூலை இருந்ததால் இருபத்து மூன்று முறை இருந்தாளா? இல்லை, சாமானை எல்லாம் ஒழித்து வைத்துவிட்டுக் கிளம்புகிற மாதிரி, கிளம்பத்தான் வரைந்தாளா? ரூபினியிடம் இதைக் கேட்கலாம். ஆனால் கேட்டால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

யாராவது அன்றைக்கே அவளைக் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். கேட்டேனே. சொன்னாளே.

ஜூலை 27, சனி

அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. மார்ச்சிலிருந்து மே வரைக்கும் எடை பாதியாகக் குறைந்திருக்கிறதாம். இன்னும் ஒரு வருஷம். பக்கத்தில் இரண்டு எஸ்டேட்டுக்கும் விரிவு. பக்கிரிசாமி மண்டபத்துக்கு வந்து எல்லோருக்கும் மீகோரெங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். வடிவம்மாள் வரைந்த அடுப்புப் படத்தைச் சட்டம் போட்டு, சுற்றுலாக்காரர்கள் டீ குடிக்கிற இடத்தில் மாட்டலாமா என்று மேனேஜர் கேட்கிறாராம்.

"நல்ல பேரு லா நம்ம எஸ்டேட்டுக்கு," என்றார்.

நான் மீகோரெங்கைத் தொடாமல் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெகுநேரம் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"செத்தவங்க திரும்பி வரப் போறாங்களா? சொன்னா மண்டபமும் போயிரும். சும்மா இரு."

கொஞ்சம் கழித்து, "நான் சொன்னேன்னு சும்மா இருந்துராத," என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

வகுப்பு முடிந்து மேசை துடைக்கும்போது ரூபினியிடம் சொன்னேன். அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன்.

திட்டவில்லை. அழவில்லை. "எத்தன பேரோடது?" என்றாள்.

"பதினேழு."

"வடிவம்மாளோடது?"

"அதுவும் சேத்துத்தான்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

சொன்னேன். அவள் கையிலிருந்த பிரஷ்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம்.

"அந்த ஒரு கேள்வி என் ஆராய்ச்சிக்கு இல்லக்கா. அவங்களுக்கு."

ஆகஸ்ட் 24, சனி

அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள் ரூபினி. பணம் நின்றது. அவள் வேலைக்கே ஆபத்து என்று கேள்வி. மண்டபத்தில் இன்று உர மூட்டை இறக்கினார்கள். பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ரூபினியே எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டாம் என்று நானும் அவளைக் கேட்கவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. தள்ளி நின்றார்கள், அவ்வளவுதான்.

செப்டம்பர் 7, சனி

ரூபினிக்கு ஒரே பயம், இந்தப் பதினேழு பேரில் இன்னும் யாராவது இருந்தால்? அவளும் நானும் சேர்ந்து இருபத்தைந்து வீடும் ஏறி இறங்கினோம், மறுபடியும் கேட்க.

"நல்லா இருக்கோம்."

"ஒரு கொறையும் இல்ல."

"நல்லா இருக்கோம்."

ஜனவரிக்கே திரும்பிப் போய்விட்டோம். கதவு உடைந்த வீட்டுக்காரி உட்காரக்கூடச் சொல்லவில்லை. மார்ச்சில் ஒன்றரை மணி நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசியவள்.

சீதா வாசற்படியிலேயே நின்றாள். நக்கல் இல்லை, சிரிப்பு இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. ரூபினி கேள்வியை ஆரம்பிப்பதற்குள் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கேன்னு எழுதிக்க. நான் என்ன சொன்னாலும் நீ அதத்தானே எழுதுவ?" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டாள்.

நான் பென்சிலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். ரூபினி அதை மெல்ல வாங்கிக்கொண்டாள். வடிவக்காவின் இருபத்து மூன்று படத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். "இது ஆராய்ச்சிக்குச் சொந்தமில்ல," என்றாள். அடுப்புப் படத்தையும் பக்கிரிசாமியிடமிருந்து சண்டை போட்டு வாங்கியிருக்கிறாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மழை. ஒருவரும் வரவில்லை, நானும் போகவில்லை.

அக்டோபர் 12, சனி

சீதா வீட்டுப் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். சிங்கப்பூர்க்காரன் ஜூலையிலிருந்து போனே அடிப்பதில்லை, அங்கே வேறு குடும்பம் என்று லைனில் பேச்சு. கதவைத் தட்ட எனக்கு எந்த முகம் இருக்கிறது?

வெளியிலிருந்தே கூப்பிட்டேன். "சீதா, நான் தாள் ஒண்ணும் கொண்டாரல."

குழம்புச் சட்டியைப் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

சட்டி கழுவி என் படியில் இருந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

நாளைக்கு வடிவக்கா வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். புதுக் குடும்பம் வருகிறது.

காலையில் சீதா வந்தாள். உள்ளே வரவில்லை. "அக்கா படமெல்லாம் ஒங்கிட்டதானே இருக்கு? எடுத்துட்டு வா." சாவியைப் பக்கிரிசாமியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

வீடு வெறுமையாக இருந்தது. சாமான்களைத் தங்கச்சி வீட்டார் எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள். சீதா முதல் படத்தை எடுத்து, அடுப்பு இருந்த மூலையில் சோற்றுப் பசையால் ஒட்டினாள். அப்புறம் துணிக்கயிறு. அப்புறம் சாமி மாடம். எந்தப் படம் எந்த மூலை என்று இரண்டு பேருக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் வீடு சாமானோடு இருந்தது. கடைசியில் அர்ஜுனன் கட்டிலை நான் ஒட்டினேன்.

நாளைக்கு எல்லாவற்றையும் சுரண்டித்தான் வெள்ளையடிப்பார்கள். தெரிந்துதான் ஒட்டினோம். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ரூபினிக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

சீதா அடுப்புப் படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கேள்வியக் கேளுடி," என்றாள்.

"எத?"

"ஒம்பதாவது."

கேட்டேன். முழுசாக, ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

அவள் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். "ரெண்டு. இந்த வாரம் மூணு." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "இந்தத் தடவ மாத்தாத."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். விடவே இல்லை. மற்றக் கையால் இவருக்குப் போன் அடித்தேன். காடியை ஓட்டிக்கொண்டு லைன் வாசலுக்கே வந்தார், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். வழியில் ரூபினிக்கும் போனில் சொன்னேன். "அவங்கள விட்டு எங்கயும் போகாதீங்கக்கா," என்றாள். குரல் இன்னும் பழையபடி ஆகவில்லை. ஆனால் எடுத்தாள்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு நர்ஸ் தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தார். மலாயில் இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அதே ஒன்பது.

சீதா அதை என் மடியில் தள்ளினாள். "நீ எழுது. நான் சொல்றேன்."

அவள் சொன்னாள். நான் எழுதினேன்.